எஃப்ஐவி பாசிட்டிவ் பூனைய வீட்டுக்குக் கூட்டிட்டு வரப் போறீங்களா? முதல்ல அதோட வாயத் திறந்து பாருங்க

"கடுவன், 4 வயசு இருக்கும், ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு, மடில ஏறி உக்காந்துக்குவான்" இது வரைக்கும் படிச்சிட்டு நம்பர் கேக்கறவங்க, அடுத்த வரில "எஃப்ஐவி பாசிட்டிவ்"னு பாத்ததும் காணாம போயிடுவாங்க. எஃப்ஐவிங்கறது பூனையோட எதிர்ப்பு சக்திய மெல்ல குறைக்கற ஒரு வைரஸ், அதுக்கு பூனை எய்ட்ஸ்னு யாரோ ஒரு பேரு வச்சிட்டாங்க, அந்தப் பேரே பாதி பூனைங்களோட வாழ்க்கைய முடிச்சிடுது. எங்க வீட்ல இருக்கற பாண்டியும் அப்படி யாரும் எடுக்காம ரெஸ்க்யூ ஆளோட மாடி ரூம்ல கிடந்தவன்தான், இப்போ எங்க சோபா அவனோடது, நாங்க ஓரமா உக்காந்துக்கறோம். அதனால இத எடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கறவங்களுக்கு, எடுக்கறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும், வீட்ட எப்படி ரெடி பண்ணணும், அப்புறம் வருஷக்கணக்கா என்ன பாத்துக்கணும்னு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

முதல்ல வைரஸ் பத்தி கொஞ்சம், ரொம்ப இல்ல. இது 1986ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கம் பெட்டலூமாங்கற ஊர்ல நிறைய பூனைங்க ஒண்ணா இருந்த ஒரு இடத்துல ஒண்ணு மாத்தி ஒண்ணு உடம்பு சரியில்லாம போக, டேவிஸ் யுனிவர்சிட்டில நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ ரெண்டு பேரோட டீம் கண்டுபிடிச்சது. எச்ஐவி இருக்கற அதே வைரஸ் குடும்பம்தான், ஆனா இது பூனைக்கானது. மனுஷனுக்கு வராது, நாய்க்கும் வராது, குழந்தைய நக்குனாலும் வராது, கடிச்சாலும் இந்த வைரஸ் வராது (கடிச்சா வேற பிரச்சனை இருக்கு, அத கீழ சொல்றேன்). ஒரு பூனைகிட்டேருந்து இன்னொரு பூனைக்குப் போறது முக்கியமா ஆழமான கடில, பல்லு சதைல இறங்கி எச்சில் உள்ள போனாத்தான். அதனாலதான் தெருவுல ஏரியாவுக்கும் பொட்டைக்கும் சண்டை போட்டுக்கிட்டுத் திரியற, கன்னம் உப்பி, காது கிழிஞ்சு, மூஞ்சில தழும்போட இருக்கற ஆபரேஷன் பண்ணாத கடுவன்ங்களுக்குத்தான் இது அதிகம். ஒரே தட்டுல சாப்பிடறது, ஒரே மண்ணு தட்டுல போறது, ஒண்ணையொண்ணு நக்கிக்கறது, இதுல எல்லாம் பரவறது ரொம்ப அபூர்வம். வைரஸும் உடம்புக்கு வெளிய ரொம்ப நேரம் தாங்காது, சாதா சோப்புக்கே போயிடும்.

இது உள்ள போனா என்ன ஆகும்னா, முதல் கொஞ்ச வாரம் மாசம் லேசா ஜுரம், நெறி கட்டறதுன்னு வந்து போகும், தெருப் பூனைல அத யாரும் கவனிக்கறதே இல்ல. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஒண்ணுமே இல்லாம சாதாரணமா இருக்கும். எதிர்ப்பு சக்தி மெல்ல மெல்ல குறையறதுதான் விஷயம், அதுவும் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இல்ல, வயசாகி வேற ஏதோ கிட்னி பிரச்சனைல போற எஃப்ஐவி பூனைங்க நிறைய. வீட்டுக்குள்ளயே நல்லா பாத்துக்கற பூனை மத்த பூனை வாழற வயசுக்குக் கிட்டத்தட்ட வாழும்னுதான் இப்போ டாக்டர்ங்க சொல்றாங்க.

ரிப்போர்ட்ட எப்படிப் படிக்கறது

"பாசிட்டிவ்"னு வாயால சொன்னா பத்தாது, டெஸ்ட் கிட்டோட போட்டோவோ பேப்பரோ கேளுங்க, தேதியோட. கிளினிக்ல செய்யற கிட் டெஸ்ட் பெரும்பாலும் ஒரே துளி ரத்தத்துல ரெண்டு விஷயம் பாக்கும், எஃப்ஐவி ஒண்ணு, எஃப்இஎல்வி ஒண்ணு. ரெண்டும் ஒண்ணு இல்ல, இத தயவுசெஞ்சு குழப்பிக்காதீங்க. எஃப்இஎல்வி, அதாவது லுக்கீமியா வைரஸ், இது எச்சில்லயே பரவும், கூடிக் கொஞ்சி நக்கிக்கற பூனைங்களுக்குள்ளயே, ஒரே கிண்ணத்துல சாப்பிடறதுலயே பரவும், ரத்தசோகை கேன்சர்னு கொண்டு போய் விடும், ஆயுசும் குறைவு. நான் இங்க சொல்ற "மத்த பூனையோட சேந்து இருக்கலாம்"ங்கறது எல்லாம் எஃப்ஐவிக்கு மட்டும்தான். எஃப்இஎல்வி பாசிட்டிவ்னா அந்தப் பூனை வீட்ல தனியா இருக்கணும், இல்ல அதே மாதிரி பாசிட்டிவ் பூனையோட இருக்கணும். ரெஸ்க்யூ பண்றவங்களே சில சமயம் ரெண்டையும் "வைரஸ் இருக்கு"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிடறாங்க, எந்தக் கோடு வந்துச்சுன்னு போட்டோவ பாத்து நீங்களே கேட்டுக்கோங்க.

அடுத்தது குட்டியோட விஷயம். எஃப்ஐவி கிட் டெஸ்ட் வைரஸ பாக்கறது இல்ல, அதுக்கு எதிரா உடம்பு உண்டாக்கற ஆன்டிபாடியத்தான் பாக்குது. தாய்க்கு எஃப்ஐவி இருந்தா தாய்ப்பால்ல அந்த ஆன்டிபாடி குட்டிக்கு வந்துடும், குட்டிக்கு வைரஸே இல்லாம டெஸ்ட் மட்டும் பாசிட்டிவ்னு காட்டும். அதனால 6 மாசத்துக்குக் கீழ இருக்கற குட்டி பாசிட்டிவ்னா அது முடிவு இல்ல, 6 மாசம் தாண்டினதும் திரும்ப எடுக்கணும், நிறைய குட்டி நெகட்டிவ் ஆயிடும். இதுக்குத் தலைகீழா, நேத்து சண்டைல கடி வாங்குன பெரிய பூனை இன்னிக்கு நெகட்டிவ்னு வரும், ஏன்னா ஆன்டிபாடி உருவாக டைம் எடுக்கும், கடைசியா கடி பட்டு 60 நாள் கழிச்சு திரும்ப ஒரு டெஸ்ட் பாத்தாத்தான் நம்பலாம். பாக்க சாதுவா, காயமே இல்லாம, வீட்லயே வளந்த பூனைக்கு பாசிட்டிவ் வந்தா அதையும் அப்படியே நம்பிடாதீங்க, வேற கம்பெனி கிட்லயோ லேப்ல பிசிஆரோ எடுத்து உறுதி பண்ணிக்கலாம். பிசிஆர் பாசிட்டிவ்னா பாசிட்டிவ்தான், நெகட்டிவ்னா மட்டும் இல்லவே இல்லன்னு சொல்லிட முடியாது, அதையும் டாக்டர்கிட்ட பேசிக்கோங்க.

இப்போ வாய்

பாண்டிய பாக்கப் போனப்போ கூட வந்த ஃப்ரெண்டு (அவ கிளினிக்ல வேலை பாக்கறா) ரிப்போர்ட்ட கைல வாங்கவே இல்ல, நேரா அவன் மேல் உதட்ட கட்டை விரலால லேசா தூக்கி பல்லப் பாத்தா. அதுதான் சரின்னு இப்போ புரியுது. எஃப்ஐவி பூனைங்க அன்னாடம் கஷ்டப்படறதும், உங்க பாக்கெட்ட கஷ்டப்படுத்தறதும் முக்கால்வாசி வாய் பிரச்சனைலதான். டெஸ்ட்ல வர கோட்ட விட ஈறுதான் அடுத்த ரெண்டு வருஷம் எப்படி இருக்கும்னு சொல்லும், என்னோட கருத்து இது.

எப்படிப் பாக்கறதுன்னா, பூனை அமைதியா இருக்கறப்போ, பின்னாடிலேருந்து தலைய ஒரு கைல பிடிச்சுக்கிட்டு, உதட்டோட ஓரத்த மட்டும் மேல தூக்குங்க, வாயப் பொளக்க வேணாம். ஈறு இளம் ரோஸ் கலர்ல இருக்கணும். பல்லு ஈறோட சேர்ற இடத்துல மட்டும் மெல்லிசா ஒரு சிவப்புக் கோடு ஓடினா ஆரம்ப ஈறு வீக்கம், க்ளீனிங்ல சரி பண்ணலாம். கடைவாய்ப் பல்லு பக்கம், தொண்டைக்குப் போற வழில தோலுரிச்ச தக்காளி மாதிரி சிவந்து கிடந்தா அது ஸ்டொமடைட்டிஸ், இது வேற லெவல் வலி. வாயத் திறக்காமலே தெரிஞ்சுக்கவும் வழி இருக்கு: எச்சில் ஒழுகும், முன்னங்கால் முடி எச்சில் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும், வாய்ல நாத்தம் ஒரு அடி தள்ளியே வரும், சாப்பாட்டத் தேடி ஓடி வரும் ஆனா ஒரு வாய் வச்சதும் கத்திட்டு பின்னாடி குதிக்கும், கெட்டி ஃபுட்ட வாய்லேருந்து கீழ போட்டுடும். பசி இருக்கு, சாப்பிட முடியல, அதான்.

ஸ்டொமடைட்டிஸ் இருந்தா எடுக்காதீங்கன்னு நான் சொல்லல. அதுக்கு ஆன்டிபயாட்டிக், வலி மருந்து, ஸ்டீராய்டுன்னு குடுத்துக்கிட்டே இருந்தா கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், திரும்ப வரும். பெரும்பாலான பூனைக்கு நிஜமா உதவறது பல்லப் பிடுங்கறதுதான், கடைவாய்ப் பல்லு எல்லாம், சிலதுக்கு மொத்தப் பல்லும். கேக்கவே கொடூரமா இருக்கும், ஆனா பல்லே இல்லாத பூனை ஆறின பிறகு சந்தோஷமா சாப்பிடும், சிலது ட்ரை ஃபுட்டக் கூட அப்படியே முழுங்கிட்டுப் போகும். இதுக்கு பல் எக்ஸ்ரே, மயக்க மருந்து, நல்லா கை பழகின டாக்டர் வேணும், செலவும் ஆகும். அதனால எடுக்கறதுக்கு முன்னாடியே கிளினிக்ல வாய காட்டி, "இதுக்கு என்ன செய்ய வேண்டி வரும், எவ்ளோ ஆகும்"னு கேட்டு வச்சுக்கோங்க. எடுத்துட்டு வந்து ஆறு மாசத்துல முழிக்கறத விட இது மேல்.

வாய் தவிர ரெஸ்க்யூ ஆள்கிட்ட கேக்க வேண்டியது: ஆபரேஷன் ஆச்சா (காது நுனி நேரா வெட்டி இருந்தா தெருப் பூனை கருத்தடை ப்ரோக்ராம்ல பண்ணது, சண்டைல கிழிஞ்ச காது கோணல்மாணலா இருக்கும்), ரத்த அணு எண்ணிக்கை எடுத்தாங்களா, கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற ரத்த டெஸ்ட்) பாத்தாங்களா, எடை என்ன, மத்த பூனைங்களோட எப்படி இருக்கான், கைல பிடிச்சா கடிக்கறானா. கடைசி கேள்விய கூச்சப்படாம கேளுங்க.

சென்னைல இருக்கறவங்களுக்கு, வேப்பேரில மெட்ராஸ் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, 1903லேருந்து இருக்கற காலேஜ், ப்ரைவேட் கிளினிக்க விட செலவு கம்மி, கூட்டம் ஜாஸ்தி. காலைல சீக்கிரம் போங்க, வரிசைல முக்கால்வாசி நாய்தான் இருக்கும், அதனால கூடைய துண்டு போட்டு முழுசா மூடி மடில வச்சுக்கோங்க, தரைல வைக்காதீங்க. பக்கத்துல ப்ரைவேட் கிளினிக் ஒண்ணும் பேசி வச்சுக்கோங்க, ராத்திரி ஏதாவதுன்னா வேப்பேரி வரைக்கும் ஓடிட்டு இருக்க முடியாது.

வீடு

எஃப்ஐவி பூனை வெளிய போகக் கூடாது. மத்த பூனைய கடிச்சு பரப்பிடுவான்ங்கறது ஒரு காரணம், வெளிலேருந்து அவன் எத வாங்கிட்டு வருவான்ங்கறது அத விடப் பெரிய காரணம். நம்ம ஊர்ல ஜன்னல் எப்பவும் தொறந்துதான் இருக்கும், அங்கதான் வேலை. பிளாஸ்டர் ஒட்டற கொசு வலை எல்லாம் பூனைக்கு ஒரு மேட்டரே இல்ல, நகத்துல ஒரு இழு இழுத்தா பிரிஞ்சிடும். பால்கனிக்கு புறா வலை அடிச்சிருப்பீங்க, அது பரவால்ல ஆனா நைலான், கடிச்சு கடிச்சு ஒரு ஓட்டை போட்டுடுவான், முடிஞ்சா கம்பி வலை அடிங்க. மெயின் டோர்தான் பெரிய ஓட்டை, பால்காரர் தண்ணி கேன்காரர் கூரியர்னு ஆள் வரப்போ ஒரு ரூம் கதவ சாத்திட்டு தொறக்கற பழக்கம் வீட்ல எல்லாருக்கும் வரணும், பாட்டிக்கும்.

தரை துடைக்கறத மாத்தணும், இத யாரும் சொல்ல மாட்டாங்க. கருப்பு பினாயில், டெட்டால், லைசால் டைப்ல ஃபீனால் வகை இருக்கறது எல்லாம் பூனைக்கு விஷம், அதோட கல்லீரல் அத உடைக்காது, தரைல நடந்து கால நக்கினாலே உள்ள போயிடும். சோப்புத் தண்ணி போதும், கிருமி கொல்லணும்னா சாதா ப்ளீச்ச 1 பங்குக்கு 32 பங்கு தண்ணி கலந்து துடைச்சிட்டு நல்லா கழுவி காய வைங்க. பீரோவுல போடற அந்துருண்டையும் ஆகாது, துணி அடுக்குல போய் படுக்கறது அதுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், எடுத்துடுங்க.

வந்ததும் நேரா ஹால்ல விடாதீங்க. ஒரு ரூம், ஒரு அட்டைப் பெட்டி, மண்ணு தட்டு ஒரு மூலை, சாப்பாடும் தண்ணியும் எதிர் மூலை. வீட்ல வேற பூனை இருந்தா குறைஞ்சது ரெண்டு வாரம் தனியா. இது எஃப்ஐவிக்காக இல்ல, தெருவுலேருந்து வர எந்தப் பூனையும் சளி வைரஸ், பான்லூக் (பூனைக்கு வர பார்வோ வைரஸ் நோய்), படைத்தொற்று (தோல்ல வர பூஞ்சை), தெள்ளுப் பூச்சி எதையாவது கூட்டிட்டு வரும், அதுவும் பான்லூக் வைரஸ் தரைல மாசக்கணக்கா இருக்கும், ஊசி போடாத குட்டி வீட்ல இருந்தா அத வாரிட்டுப் போயிடும்.

அப்புறம்தான் அறிமுகம். முதல்ல வாசனை, அவன் படுத்த துண்ட இங்க, இதோட துண்ட அங்க. அப்புறம் மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு. அப்புறம் கதவ ஒரு விரல் அளவு தொறந்து. கண்ணோட கண்ணு முறைக்காம சாப்பிட ஆரம்பிச்சாத்தான் அடுத்த படி. எங்க வீட்டு மணி (மூத்தவ, மகாராணி) பாண்டிய முதல்முறை நேர்ல பாத்ததும் மூக்கு மேல நாலு அறை விட்டா, அவன் அப்படியே கண்ண மூடிக்கிட்டு தலைய தாழ்த்தி உக்காந்துட்டான். அறையறது, சீறறது, துரத்தறது எல்லாம் பூனை பேச்சு, அதுக்குப் பயப்படாதீங்க. பயப்பட வேண்டியது காது மடங்கி, உருண்டு புரண்டு, முடி பறந்து, பல்லு இறங்கற சண்டை. ஆபரேஷன் பண்ணி, ஒண்ணுக்கொண்ணு பழகி, சண்டை போடாம இருக்கற வீட்ல பாசிட்டிவும் நெகட்டிவும் வருஷக்கணக்கா ஒண்ணா இருந்தும் பரவாம இருக்கறத ஆராய்ச்சிலயே பாத்திருக்காங்க. ஆனா உங்க வீட்ல ஏற்கனவே ஒரு ரவுடி இருந்தா, யார் வந்தாலும் கடிச்சுக் குதறற டைப்னா, தயவுசெஞ்சு எஃப்ஐவி பூனைய எடுக்காதீங்க, இல்ல ரெண்டையும் கடைசி வரைக்கும் தனித்தனி ரூம்ல வைக்க இடமும் பொறுமையும் இருந்தா எடுங்க.

சாப்பாடு

ஒரே ஒரு கறார் ரூல்: பச்சையா எதுவும் கிடையாது. மீன்காரம்மா கழுவிக் குடுக்கற குடல், பச்சை நெத்திலி, பச்சை முட்டை, பச்சைக் கறி, கொதிக்க வைக்காத பால் எதுவும். மத்த பூனைக்கு வயித்தால போய் சரியாகற சால்மொனெல்லா இவனுக்கு பெருசாகலாம், டாக்ஸோபிளாஸ்மாங்கற ஒட்டுண்ணியும் பச்சைக் கறில வரும். மத்தி, நெத்திலி, சங்கரா எதுவானாலும் உப்பு மஞ்சள் மசாலா இல்லாம வேக வச்சு, முள்ள எடுத்துட்டு. வெங்காயம் பூண்டு போட்ட கொழம்பு மீன் வேணாம், அது ரெண்டும் பூனை ரத்தத்த உடைக்கும். கருவாடு உப்பு. பால் சோறு நம்ம ஊர் பழக்கம், ஆனா வளந்த பூனை நிறையதுக்கு பால் செரிக்காது. வெறும் மீனும் சோறும் மட்டும் குடுத்தா டாரின் போன்ற சத்து பத்தாது, அதனால பேக்கட் பூனை ஃபுட்ட அடிப்படையா வச்சு, வேக வச்ச மீன் கோழிய மேல வைங்க. வெயில் காலத்துல வெட் ஃபுட் ஒரு மணி நேரத்துக்கு மேல தட்டுல இருக்க வேணாம், எறும்பு வரதுக்கு முன்னாடி எடுத்துடுங்க.

எதிர்ப்பு சக்திய ஏத்தற சிரப், பவுடர்னு கடைல நிறைய விப்பாங்க. அந்தக் காச பல் க்ளீனிங்குக்கு சேத்து வைங்க.

மருந்து, இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்பறது

கிளினிக் ஃபைலோட முதல் பக்கத்துல பெருசா "எஃப்ஐவி பாசிட்டிவ்"னு எழுதி வைங்க, புது டாக்டர்கிட்ட போனா அவர் கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லுங்க. ஏன்னா தெருப் பூனைக்கு படைத்தொற்று ரொம்ப சகஜம், அதுக்கு மலிவா கிடைக்கற க்ரிசியோஃபல்வின் மாத்திரைய எழுதறது உண்டு. எஃப்ஐவி இருக்கற பூனைக்கு அது எலும்பு மஜ்ஜைய அடிச்சு வெள்ளை அணுவ மோசமா குறைச்சிடும், ஆபத்து. இட்ராகோனசோல் மாதிரி வேற மருந்து இருக்கு, அத டாக்டர் பாத்து எழுதுவாரு.

டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினா வெறும் மாத்திரைய தொண்டைல போட்டுட்டு விட்டுடாதீங்க, அது உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு புண்ணாக்கி, குழாயே சுருங்கிப் போற அளவுக்குப் போகும். மாத்திரை உள்ள போனதும் ஊசி இல்லாத சிரிஞ்சுல கொஞ்சம் தண்ணி வாய் ஓரமா விடுங்க, இல்ல கொஞ்சம் சாப்பாடு குடுங்க. நாங்க பாண்டிக்கு வேக வச்ச கோழி ஈரல்ல சின்னதா ஒரு பை மாதிரி கீறி உள்ள திணிக்கறோம், முதல்ல மாத்திரை இல்லாத துண்டு ஒண்ணு, அடுத்தது மாத்திரை இருக்கறது, மூணாவத கண்ணு முன்னாடி காட்டிக்கிட்டே. மூணாவதுக்கு அவசரப்பட்டு ரெண்டாவத மெல்லாம முழுங்கிடுவான்.

ஜுரம்னா நம்ம வீட்டு பாரசிட்டமால் ஒரு துண்டு கூட கூடாது, எந்தப் பூனைக்கும், சாகும். நாய்க்கு தெள்ளுக்குப் போடற பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் அப்படித்தான், பூனைக்குன்னு எழுதியிருக்கறத மட்டும் வாங்குங்க.

எச்ஐவிக்கு மனுஷங்களுக்குக் குடுக்கற ஜிடோவுடின் இதுக்கும் சில கேஸ்ல, முக்கியமா வாய்ப்புண் மோசமா இருக்கறதுக்கும் நரம்பு பிரச்சனைக்கும், குடுக்கறாங்க, ஆனா ரத்தசோகை வரும், அடிக்கடி ரத்தம் பாக்கணும், நல்லா இருக்கற பூனைக்கு அது தேவையில்ல. தடுப்பூசி விஷயத்துல, எஃப்ஐவிக்குன்னு ஒரு ஊசி 2002ல அமெரிக்காவுல வந்து அப்புறம் அங்க நிறுத்தியே விட்டாங்க, அதத் தேடாதீங்க. மூணு நோய்க்கு சேத்து போடற ஊசியும் ரேபிஸ் ஊசியும் இவனுக்கும் உண்டு, உடம்பு நல்லா இருக்கறப்போ. உயிருள்ள வைரஸ் ஊசியா செத்த வைரஸ் ஊசியாங்கறத டாக்டர்கிட்ட விட்டுடுங்க, அவங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கு.

வருஷம் பூரா

6 மாசத்துக்கு ஒரு தடவை செக்கப், வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தம், யூரின். வீட்ல நீங்க செய்ய வேண்டியது எடை. பூனைய தூக்கிக்கிட்டு மிஷின்ல ஏறி, அப்புறம் நீங்க மட்டும் ஏறி கழிச்சுக்கலாம், ஆனா அதுல 100, 200 கிராம் தெரியாது, காய்கறி நிறுக்கற டிஜிட்டல் தராசு மேல ஒரு அட்டைப் பெட்டி வச்சா அதுவே ஏறி உக்காந்துக்கும். மாசம் ஒரு தடவை காலண்டர்ல எழுதி வைங்க. 4 கிலோ பூனை 400 கிராம் குறைஞ்சா பாத்தா தெரியவே தெரியாது, ஆனா அது 60 கிலோ ஆள் 6 கிலோ குறைஞ்ச கணக்கு. முடி மறைச்சிடும், எண் மறைக்காது.

சாதா பூனைக்கு "ரெண்டு நாள் பாப்போம்"னு விடற விஷயத்துக்கு இவன அன்னிக்கே கூட்டிட்டுப் போகணும். ஒரு நாள் முழுக்க சாப்பிடல, கட்டிலுக்கு அடிலேருந்து வரல, கண்ணு மூக்கு ஒழுகுது, வயித்தால போறது நிக்கல, காயம் ஆறாம ஈரமாவே இருக்கு, நாத்தம் அடிக்குது, இதுல ஏதாவது ஒண்ணு போதும். பூனையோட சாதா உடம்பு சூடே 100.5லேருந்து 102.5 ஃபாரன்ஹீட், அதனால தொட்டுப் பாத்து சூடா இருக்குன்னு பயப்படாதீங்க, 103 தாண்டினா கிளம்புங்க. தூங்கறப்போ ஒரு நிமிஷத்துக்கு எத்தன மூச்சுன்னு எண்ணிப் பழகுங்க, 30க்கு மேல தொடர்ந்து போனா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

வீட்ல இருக்கற மனுஷங்க

மாமியார், ஹவுஸ் ஓனர், பக்கத்து வீட்டு ஆன்ட்டி எல்லாரும் கேப்பாங்க. வைரஸ் மனுஷனுக்கு வராதுன்னு ஒரு வாட்டி சொல்லுங்க, டாக்டர விட்டும் சொல்ல வைங்க, டாக்டர் சொன்னா நம்புவாங்க. ஹவுஸ் ஓனருக்கு இதெல்லாம் விளக்கிட்டு இருக்க அவசியம் இல்ல, பூனை வளக்க ஓகேவான்னு மட்டும் முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

கர்ப்பமா இருக்கறவங்களோ, கீமோ, டிரான்ஸ்பிளான்ட் மருந்துல இருக்கறவங்களோ வீட்ல இருந்தா மண்ணு தட்ட அவங்க தொட வேணாம், வேற ஆள் தினமும் அள்ளிடணும். டாக்ஸோபிளாஸ்மா முட்டை பூனை மலத்துல வந்து தொத்தற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், தினமும் அள்ளினா அந்த வேலையே முடிஞ்சிடும். இதுவும் எல்லாப் பூனைக்கும் உள்ளதுதான்.

கடிச்சாலோ ஆழமா கீறினாலோ, ஓடற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க, கட்டு போடாதீங்க, பக்கத்து அரசு ஆஸ்பத்திரிலயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ போய் ரேபிஸ் ஊசி பத்தி கேளுங்க. வீட்டுப் பூனைதானேன்னு விடாதீங்க, தெருவுலேருந்து புதுசா வந்தவன் விஷயத்துல கண்டிப்பா. பூனைக் கடி வெளிய சின்னப் புள்ளியா தெரியும், உள்ள சீழ் பிடிக்கும், கை வீங்கினா ஆன்டிபயாட்டிக் வேணும்.

அப்புறம் ஊருக்குப் போறது. பொங்கலுக்கு நாலு நாள் வீட்டப் பூட்டிட்டு ட்ரை ஃபுட்ட கொட்டி வச்சிட்டுப் போற பழக்கம் இவன் விஷயத்துல நடக்காது, பல பூனை இருக்கற போர்டிங்கும் இவனுக்கு நல்லது இல்ல, இருமலும் சளியும் அங்கதான் வாங்குவான். தினம் ரெண்டு வேளை வந்து போற ஆள் ஒருத்தர் வேணும், அவங்ககிட்ட கிளினிக் நம்பர், மருந்து டைம், "ஒரு வேளை சாப்பாடு தொடலன்னா எனக்கு போன், ரெண்டாவது வேளையும் தொடலன்னா நேரா கிளினிக்"ங்கறத எழுதிக் குடுத்துட்டு, கூடையும் ஒரு துண்டும் கதவு பக்கத்துலயே எடுத்து வச்சிட்டுப் போங்க. தீபாவளிக்கு முடிஞ்சா ஊருக்கே போகாதீங்க, வெடிச் சத்தத்துல எந்தப் பூனையும் எங்கயாவது பூந்துக்கும், முந்தின நாள் மத்தியானமே உள் ரூம்ல விட்டு ஜன்னல சாத்தி ஃபேன போட்டு, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஓட்டைய மறக்காம அடைச்சிடுங்க.